கடல் திருப்பித் தந்தவன்

1974, மாசி மாதம். வேம்பார் பஸ்ஸிலிருந்து இறங்கிய உபதேசியார் ஞானதீபம், தகரப் பெட்டியும் ஜெபப் புத்தகமுமாக மணலில் கால் புதைய நடந்து அந்தக் கடற்கரை ஊருக்கு வந்துசேர்ந்தார். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் கோயிலும் ஜெபமும் சாவும் இனி இவர் பொறுப்பு.

வந்த அன்றே கரையில் ஒரு பிணம்.

சங்கு குளிக்கப் போய் ஒன்பது நாளாகக் காணாமற்போயிருந்த அம்புரோஸ். ஊர் முழுவதும் தள்ளி நின்றது. மனைவி பிலோமினா மட்டும் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

ஊர்த்தலைவர் இஞ்ஞாசி கையில் கல்லும் கயிறும் இருந்தன.

“கடல் எடுத்ததை அதுவே திருப்பித் தந்தா வாங்கக் கூடாது. கல்லைக் கட்டி உள்ள விட்டுரணும். ஊர்க்கட்டுப்பாடு.”

“ஞானஸ்நானம் வாங்கினவன். கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கணும். அது என் கடமை.”

இஞ்ஞாசி குரலைத் தாழ்த்தினார். “நல்லாப் பாரும். ஒம்பது நாள் தண்ணியில கெடந்த உடம்பா இது?”

பார்த்தார். ஊதல் இல்லை. நாற்றமில்லை. ஒரு மீன்கூடக் கடித்திருக்கவில்லை. அதற்குள் பிலோமினா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்லைக் கட்டித் தள்ள விடாதீக, ஐயா.”

குழி வெட்ட ஒருவரும் வரவில்லை. அவரே வெட்டினார். பிலோமினா மண் தள்ளினாள். அன்றோடு இருவரையும் ஊர் விலக்கியது. கிணற்றில் வாளி இறக்க முடியாது. கடையில் உப்புகூடக் கிடையாது. கோயில் மணி அடித்தும் பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன. அவர் வாசற்கதவில் யாரோ மீன்குடலை வீசிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் இஞ்ஞாசி வந்து நின்றார்.

“கரைக்கு வாரும்.”

அங்கே இன்னொரு உடல்.

முகத்தை மீன் தின்றிருந்தது. நாற்றம் தொண்டையை அடைத்தது. கழுத்துக் கயிற்றில் ஊறிப்போன துணித்துண்டு, மாதா உத்தரியம். அதில் பிலோமினா கையால் தைத்த அம்புரோஸின் பெயர்.

முதலில் வந்தவன் கழுத்து வெறுமையாக இருந்தது. கடல் அறுத்திருக்கும் என்று அன்று ஞானதீபம் நினைத்துக்கொண்டார்.

“இதுதான் அம்புரோஸ்,” என்றார் இஞ்ஞாசி. “இப்பச் சொல்லும் உபதேசியாரே. நீரு ஜெபம் சொல்லிப் பொதைச்சது யாரை?”

ஞானதீபம் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினார். குழிமேட்டின் நடுவில் மண் உள்வாங்கியிருந்தது.

கையாலேயே தோண்டினார். உள்ளே யாரும் இல்லை.

பிலோமினா வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினார். அவள் ஒரு சாண் திறந்தாள். தலையில் பிச்சிப்பூ.

“பிலோமினா... உன் புருசன் உடம்பு கரையில கெடக்கு.”

“மெதுவாப் பேசுங்க,” என்று கிசுகிசுத்தாள். “அவுக இப்பத்தான் சாப்பிட உக்காந்தாக.”

இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

“ஏளா, உபதேசியாரா? உள்ள வரச் சொல்லு. ஊரே வெரட்டினப்ப எனக்கு எடம் குடுத்தவரு.”

உள்ளே, தரையில் இன்னொரு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.