சிவப்புப் பஞ்சு

தங்கை மாரக்காளுக்கு மூச்சு முட்டிய அன்று இந்த வண்டி நன்றாகத்தானே ஓடியது என்று நினைத்துக்கொண்டாள் பொன்னாத்தாள். தான் சமையல் வேலை பார்க்கும் முதலாளி ரத்தினசாமி வீட்டில், சமையல்கட்டு ஜன்னலில் நின்று, போர்டிகோவில் அம்பாசிடர் கரும்புகை கக்குவதைப் பார்த்தாள். பெட்ரோல் வாடை அடுப்பு வரைக்கும் வந்திருந்தது.

மெக்கானிக் அழகுமலை பிளக்குகளைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. காற்று போதவில்லை, வெறும் பெட்ரோலைக் குடிக்கிறது என்றார். கார்புரேட்டரைக் கழுவினார், சோக்கை இழுத்துப் பார்த்தார். கடைசியாக ஏர் ஃபில்டரைத் திறந்தவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

உள்ளே பஞ்சு. சிவப்புப் பஞ்சு.

பனியன் கம்பெனிக்காரர் வண்டியில் பஞ்சு அதிசயமில்லை. ஆனால் கம்பெனியில் இப்போது வெள்ளைத் துணி மட்டும்தான் ஓடுகிறது. சிவப்பு ஆர்டர் போன ஐப்பசியோடு முடிந்தது. அதை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை மாரக்காள் சுருண்டு விழுந்தாள்.

சேதி கேட்டு ஓடிப்போய், கம்பெனி கேட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு பொன்னாத்தாள் கேட்டது இந்தக் காரைத்தான். சீட் உறை வெள்ளை, பஞ்சு ஒட்டும், ஆட்டோ பிடிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு முதலாளி ஏறிப் போனார். ஆட்டோ வருவதற்குள் மூச்சு நின்று மடி கனத்துவிட்டது.

புது ஃபில்டர் போட்டார்கள். மறுநாள் அதுவும் அடைத்திருந்தது. ஃபில்டரே இல்லாமல் ஸ்டார்ட் செய்தார் அழகுமலை.

இன்ஜின் இருமியது.

பொம்பளை இருமல்.

"இது என் கைக்கு அடங்குற ரிப்பேர் இல்ல மொதலாளி," என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று மத்தியானம் ரத்தினசாமிக்கு இருமல் பிடித்தது. கைக்குட்டை சிவந்தது. ரத்தம் என்று பதறி விரித்தார்.

பஞ்சு.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பின்சீட்டில் சாய்த்தார்கள். டிரைவர் சாவியைத் திருப்பத் திருப்ப, வண்டி புகையைக் கக்கி அணைந்தது. அவன் ஆட்டோ தேடி ஓடினான்.

கார்க் கதவருகே நின்ற பொன்னாத்தாளின் முந்தானையை முதலாளி பிடித்தார். "பொன்னாத்தா... உந்தங்கச்சிய உடச் சொல்லு. நீ சொன்னாக் கேப்பா."

கேட்பாள். பிறந்ததிலிருந்து அக்கா சொல்லைத் தட்டாதவள். ஒரு வார்த்தை போதும் என்று பொன்னாத்தாளுக்குத் தெரிந்தது. அணைந்து கிடந்த இன்ஜினுக்குள் யாரோ மூச்சை அடக்கிக் காத்திருப்பதும் தெரிந்தது.

வெள்ளை உறைமேல் ஒட்டிய சிவப்பை அவள் துடைக்கவில்லை. முந்தானையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேனுங்க," என்றாள். "ஆட்டோ வருமுங்க."

பானட்டுக்கு அடியிலிருந்து, தடையில்லாமல், ஒரு நீண்ட மூச்சு வந்தது.