கதவைப் பூட்ட வேண்டாம்

கழுவி வெளியே வந்த காரின் பின் சீட் நனைந்திருக்கிறது என்று முதலில் வந்து சொன்னவர் ஒரு பல் டாக்டர். கண்ணாடி நான்கும் ஏற்றியபடிதான் இருந்தன, கூரையில் பொட்டு ஈரம் கிடையாது, ஆனால் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் மட்டும் உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. "வெளியில கழுவச் சொன்னா உள்ளயும் குளிப்பாட்டி அனுப்புறீங்களேம்மா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைக்காரி அவள்தான் துண்டை எடுத்துத் துடைத்தாள். துண்டிலிருந்து ஷாம்பு வாசனை வரவில்லை. கழுவிய தண்ணீர் இறங்கும், சேறும் துருவும் நாய்முடியும் ஊறிய அடித்தொட்டியின் வாடை வந்தது. கதவு ரப்பர் போயிருக்கும் சார், மாத்திடுங்க என்று பழியை அவர் தலையிலேயே கட்டி அனுப்பிவிட்டாள்.

அடுத்த நாள் மூன்று கார். அதற்கடுத்த நாள் ஆறு. எல்லாவற்றிலும் அதே சீட். இத்தனை காருக்கும் ஒரே இடத்தில் ரப்பர் போகுமா என்று அவள் மனசுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அதட்டி உட்கார வைத்தாள். அதட்டுவதில் அவள் கெட்டிக்காரி.

அவளுடைய கார் வாஷ் மெஷினுக்கு இருபத்திரண்டு வயது. காரை நியூட்ரலில் விட்டுவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தரையில் ஓடும் சங்கிலி சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நுரை, பிரஷ், தண்ணீர், காற்று என்று நூறடி டனலைக் கடத்தி மறுபக்கம் தள்ளிவிடும். நான்கு வருஷத்துக்கு முன் பாதி வழியில், மூன்றாவது பிரஷ்ஷைத் தாண்டியதும், சங்கிலி வழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் மாற்றச் சொன்னார். எல்லோரும் கிரீஸ் அண்ணன் என்று கூப்பிடும் அந்த மனிதர் லேசில் எதையும் மாற்றச் சொல்பவர் இல்லை. அவள் இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றாள். சரி, அந்த இடத்தில் ஏழு நொடி நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு இழுப்போம் என்று அவர் ஒப்பேற்றிக் கொடுத்தார். பிறகு ஒருநாள் மெஷின் நின்றது நின்றபடியே இருந்துவிட, உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு பதறிய பெரியவர் ஒருவரைக் கண்ணாடியை உடைத்து இழுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் அவள் மெஷினை மாற்றவில்லை. ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினாள். நியூட்ரலில் விடவும். ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். கதவைப் பூட்ட வேண்டாம்.

தம்பிக்கு அந்த போர்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பாதி பங்கு அவனுடையது. போன திங்கட்கிழமை அவளைக் கேட்காமலே புதிய மெஷின் கம்பெனி ஆளை வரவழைத்துவிட்டான். வந்தவன் டேப்பைப் பிடித்து டனலை அளந்து, எங்கெங்கே வெட்ட வேண்டும், தொட்டியை எங்கே மூட வேண்டும் என்று சாக்பீஸால் தரையெல்லாம் கோடு போட்டுவிட்டுப் போனான். பல் டாக்டர் வந்தது செவ்வாய்க்கிழமை.

இன்று மாலை அவன் போன் செய்தான். "அக்கா, ஆறரைக்குள்ள நீ கையெழுத்துப் போடணும். இல்லேன்னா நமக்கு ஒதுக்கின புது மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இன்னும் ஒரு வருஷம்னு மறுபடி ஆரம்பிக்காதே."

"கடைசி ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"முடிவு எடுக்கிறது நீயா, மெஷினா?"

"வாயைக் கொறை. பாப்பாவைக் கிளாஸ்ல இருந்து கூட்டிட்டு நேரா இங்க வந்துடு."

கடைசி ஓட்டம் என்பது அவளுடைய வழக்கம். தினமும் கடை மூடுமுன் தன் காரையே உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பாள். பேரிங்கின் முனகல், பெல்ட்டின் கீச்சு, பம்பின் இருமல், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதைக் கேட்டுத்தான் இருபத்திரண்டு வருஷமும் முடிவெடுத்திருக்கிறாள். முடிந்ததும் அதே காரில் மகளின் ஓவிய வகுப்புக்குப் போய் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். குட்டி ஓடி வந்து பின்னால் ஏறும். ஒன்பது வயதாகியும் தானாக பெல்ட் போடாது. டிங் டிங் என்று கார் உயிரை வாங்கும். அவள் திட்டிய பிறகுதான் போடும். அந்த டிங் டிங்குக்கும் அவளுடைய திட்டுக்கும் இடையில்தான் அவளுடைய நாள் முழுவதிலும் உள்ள ஒரே சந்தோஷம் இருந்தது.

காரை டனல் வாசலுக்குக் கொண்டுவந்தபோது கிரீஸ் அண்ணன் குறுக்கே நின்றார். கையில் அந்த போர்டு. கழற்றியிருந்தார்.

"கதவைப் பூட்டிக்கிட்டுப் போம்மா."

"எதுக்குண்ணே?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நடுவுல நிக்குதில்ல, அப்ப ஒவ்வொரு வண்டியும் பின்பக்கம் கொஞ்சம் அமுங்குது. யாரோ ஏறி உக்காந்த மாதிரி. இன்னைக்கு மட்டும் பதினாலு வண்டி. நான் எண்ணினேன்."

"வயசாச்சு, கண்ணு போச்சு. வழியை விடுங்க."

"வயசு அதுக்கும்தாம்மா ஆச்சு" என்றார் அவர், டனலைப் பார்த்து. பிறகு விலகிக்கொண்டார்.

அவள் பூட்டவில்லை. மெஷின் நின்றுவிட்டால் யார் இழுப்பது என்று காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவர் சொல்லி அவள் கேட்பதா என்ற வீம்பு. பயமாகவும் இருந்தது. பயந்ததை அவர் பார்த்துவிட்டாரே என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சங்கிலி சக்கரத்தைக் கவ்வியது. முன்னால் தொங்கிய ரப்பர் திரை கண்ணாடியை வருடிக்கொண்டு மேலேற, மாலை வெளிச்சம் பின்னால் சுருங்கி, நுரை மேலிருந்து கொழகொழவென்று வழிந்து நான்கு பக்கமும் மூடி, உள்ளே அவளுடைய மூச்சும் டாஷ்போர்டின் பச்சை வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. முதல் பிரஷ் கூரையைத் தட்டியது. இரண்டாவது பக்கவாட்டில் உரசி உறுமியது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பேரிங் முனகவில்லை, பெல்ட் கீச்சிடவில்லை, பம்ப் இருமவில்லை. மெஷின் இத்தனை சுத்தமாக ஓடி அவள் கேட்டதே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு எதற்கோ காத்திருக்கும் ஓட்டமாக அது இருந்தது.

மூன்றாவது பிரஷ் வந்தது. எத்தனையோ வருஷமாக அவள் நினைக்காமல் இருந்த ஒன்று அதோடு சேர்ந்து வந்தது. ஒருநாள் விடியற்காலை, கடை திறக்குமுன் ஒருவன் வந்தான். முன் விளக்கு உடைந்திருந்தது. மூன்று தடவை கழுவச் சொன்னான். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் தொழில் மரியாதை என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அவன் போனபிறகு மூன்றாவது பிரஷ்ஷில் நீளநீளமாகத் தலைமுடி சுற்றிக்கொண்டிருந்தது. கிரீஸ் அண்ணன் கத்தியால் அறுத்து எடுத்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லா அழுக்கும் போகிற அதே தொட்டிக்குத்தான் அதுவும் போனது. அந்தத் தொட்டியின் தண்ணீரைத்தான் வடிகட்டி வடிகட்டித் திரும்பத் திரும்பப் பீய்ச்சுகிறார்கள். அவன் ஒருவன்தானா வந்தான்? இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை விடியற்காலை.

சங்கிலி நின்றது.

ஒன்று. பிரஷ் சுழல்வது நின்றது. அது நிற்கக் கூடாது. இரண்டு. தண்ணீர் சொட்டும் சத்தம். மூன்று. அவள் முதுகுக்குப் பின்னால், வெளியே, கைப்பிடியைத் தேடும் விரல்கள் தகரத்தில் ஊர்ந்தன. பூட்டு. பூட்டிவிடு. கை எழவில்லை. நான்கு. கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. வாடை வந்தது. ஐந்து. கார் பின்பக்கம் அமுங்கியது. ஆறு. கதவு மெதுவாக, மரியாதையாக, சாத்தப்பட்டது. இப்போதுதான் அவள் விரல் பொத்தானை அழுத்தியது. நான்கு பூட்டும் ஒன்றாக விழுந்தன.

ஏழு.

டிங். டிங். டிங்.

குட்டியின் பையாக இருக்கும். கனமான பை வைத்தாலும் இப்படித்தான் அடிக்கும். ஆனால் குட்டி இன்னும் வரவில்லை. பையும் வரவில்லை. டிங். டிங். கண்ணாடியில் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. பெல்ட் சரசரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கிளிக்.

டிங் நின்றுவிட்டது.

சங்கிலி மறுபடி இழுத்தது. சாக்பீஸ் கோடுகள் அவள் நினைவுக்கு வந்தன. திங்கட்கிழமை கோடு, செவ்வாய்க்கிழமை ஈரம். இடம் பறிபோகிறது என்று தெரிந்ததும் தொட்டியில் கிடப்பவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். கிடைத்த காரில் ஏறி, யார் யார் வீட்டுக்கோ.

"மாத்த மாட்டேன்" என்றாள். "சத்தியமா மாத்த மாட்டேன். சாக்பீஸ் கோடெல்லாம் அழிச்சிடுறேன். இறங்கிப் போயிடு."

அவளுடைய பெல்ட் மெல்ல இறுகியது. தோளில், மார்பில், கழுத்தோரத்தில். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். பக்கிளை அழுத்தக் கையைக் கொண்டுபோனாள். அதன் மேல் ஏற்கெனவே ஈரமான விரல்கள் இருந்தன.

காற்று இயந்திரம் அலறத் தொடங்கியது. நுரை கிழிந்து வழி தெரிந்தது. டனலின் மறுவாயில், மாலை வெளிச்சத்தில் தம்பி இவளுக்கு முதுகைக் காட்டி போனில் பேசிக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் குட்டி. பெரிய ஓவியத் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அம்மாவுக்குக் காட்டக் காத்திருந்தது.

அவள் கத்தினாள். காற்று அதை விழுங்கியது. மறுபடி கத்தினாள். ஓடு. ஓடிப் போ. குட்டி சிரித்தது. கைக்கு எட்டியது ஸ்டீயரிங் ஒன்றுதான். உள்ளங்கையால் ஹாரனை அழுத்தினாள். ஒரு முறை. இரண்டு முறை.

"வர்றேம்மா, வர்றேன்!" என்று குட்டி ஓடி வந்தது.

கார் வெளியே வந்து நின்றது. அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் வேண்டாம் என்று. குட்டி அதைப் பார்க்கவில்லை. தாள் கசங்காமல் மறுபக்கத்துப் பின் கதவை எப்படித் திறப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றது. அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு நீளமான கை சீட்டின் குறுக்கே நீண்டு போனது. அந்தக் கதவு உள்ளிருந்து திறந்தது.

"தேங்க்ஸ்" என்றது குட்டி. ஏறி உட்கார்ந்தது.

டிங். டிங். டிங்.

கண்ணாடியில் மகள் மட்டும் தெரிந்தாள். தாளை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கைகள் தாளை விட்டு அசையவில்லை.

கிளிக்.

டிங் நின்றுவிட்டது.