அழகான மழை, அசட்டுப் படம்

"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணி... ஆனா மனசுல ஒண்ணும் ஒட்டலையே!"

இடைவேளை. பாப்கார்ன் வரிசையில் நின்றபடி போனில் படபடத்துக்கொண்டிருந்தாள் அவள். பல் டாக்டர். வாரத்தில் ஒரே ஒரு மதியம்தான் அவளுக்கு ஓய்வு. ஆறு மாதமாக ஆசையோடு காத்திருந்த விண்வெளிப் படம். கடைசி நேரத்தில் அண்ணி கைவிரித்துவிட, தனியாகவே வந்திருந்தாள்.

"ரெண்டு நிலா, பச்சைக் கடல், பறக்குற நகரம்... எல்லாம் இருக்கு. அந்த மழை சீன்ல ஒவ்வொரு சொட்டும் என்ன அழகு! ஆனா நனையுறவன் மூஞ்சியப் பாக்கணுமே... மகளைத் தொலைச்சவன் மாதிரியா இருக்கான்? குடையைத் தொலைச்சவன் மாதிரி இருக்கான்!"

முன்னால் நின்றவன் திரும்பினான். தூக்கம் பார்த்து நாளான பெரிய கண்கள். அவை ஒரு கணம் அவள் மேல் தங்கி... சுருங்கின.

"அந்த மழையைப் பெய்ய வெச்சவன் நான்தாங்க."

"என்னது?"

"கம்ப்யூட்டர்ல. நாலு நிமிஷ மழை... பதினாலு மாசம்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அதற்குள், "குறை சொல்றது சுலபம்" என்று அவன் முணுமுணுத்துவிட்டான். போதாதா?

"டிக்கெட் வாங்கினவங்க வாய்க்குப் பூட்டா போடுவீங்க? மழை அழகுன்னுதானே சொன்னேன்!"

அவன் பாப்கார்ன் வாங்காமலே போய்விட்டான். ரோஷக்காரன்!

படம் முடிந்தது. ஒரு பாராட்டாவது சொல்லியிருக்கலாமோ என்ற உறுத்தலோடு எழுந்தாள். திரும்பினால், இரண்டு வரிசை பின்னால் ஓர் அம்மா திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில்... அவன்.

"கொஞ்சம் மறைக்காம நில்லும்மா... என் பையன் பேரு வரும்."

அவள் அங்கேயே ஒரு காலி இருக்கையில் அமர்ந்தாள். "என்ன பேருங்கம்மா?"

அம்மா பெருமையோடு சொன்னார். திரையில் நூற்றுக்கணக்கான பெயர்கள், எறும்பு வரிசையாய் ஓடின. அம்மா கலங்கிய கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிய நேரம்...

"அதோ! மூணாவது வரிசை... மேல போகுது, சீக்கிரம் பாருங்கம்மா!" துள்ளி எழுந்து கை நீட்டினாள் அவள்.

அம்மா பார்த்துவிட்டார். காலி அரங்கில் இரண்டு பெண்களும் கைதட்டினார்கள். அவன் தலை குனிந்துகொண்டான்.

வெளியே நிஜ மழை. வாசலில் ஒதுங்கி நின்ற நேரத்தில் அம்மா அவள் வேலையைத் தெரிந்துகொண்டார். "பல் டாக்டரா? எனக்குக் கடைவாய்ப் பல்லு உயிரை எடுக்குதும்மா!"

முதல் தடவை அவள் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டி வந்தவன், வெளியே போனுக்குள் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். "வாயைத் திறக்கவே மாட்டான்மா" என்றார் அம்மா. "திறக்க வைக்கிறதுதாம்மா என் வேலை" என்று சிரித்தாள் அவள்.

இரண்டாம் தடவை ஊசியைக் கண்டு அம்மா நடுங்க, அவன் உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "வேற கிரகத்துல இதைவிடப் பெரிய ஊசி இருக்கும்மா... நானே வரைஞ்சிருக்கேன்." அம்மா சிரித்துவிட்டார். அந்தக் கண்களில் இத்தனை மென்மையா... ஊசியைப் போட மறந்து அவனையே ஒரு கணம் பார்த்தாள்.

மூன்றாம் தடவை அம்மாவின் வாயில் பஞ்சு இருந்தது. அவன்தான் பேசினான். "கதையில உயிர் இல்லைன்னு எனக்கும் தெரியும்ங்க. அம்மாகிட்டகூடச் சொல்லல... நீங்க பட்டுன்னு சொன்னதும் வலிச்சிடுச்சு. ஸாரி."

"நானும் ஸாரி..."

நான்காம் தடவை தனியாக வந்தான். முப்பத்திரண்டு பற்களையும் பார்த்து முடித்தாள்.

"எல்லாம் நல்லாருக்கே... எங்க வலிக்குது?"

"வலிக்கல."

"அப்புறம்?"

"எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. நீங்க மட்டும்தான் நிஜத்தைச் சொன்னீங்க. இப்பல்லாம் வேலை பாக்கும்போது, நீங்க பக்கத்துல உக்காந்து குறை சொல்ற மாதிரியே இருக்கு. நிஜமாவே உக்காந்தா... வாழ்க்கை முழுக்க... நல்லாருக்கும்னு தோணுது."

முகக்கவசத்தை மெல்லக் கழற்றினாள். கன்னம் சிவந்திருந்தது.

"நான் நிறையக் குறை சொல்லுவேன்."

"தெரியும்."

"முதல் குறை இப்பவே சொல்லிடறேன்... இதைச் சொல்ல நாலு தடவையா வரணும்? எனக்கு ரெண்டாவது தடவையே உங்களைப் பிடிச்சுப் போச்சு!"