வாய்தா தந்த நீதிபதி

காலைக் காப்பி ஆறுவதற்குள் அன்றைய வழக்குகள் எல்லாம் முடிந்துவிட்டன. செவ்வாய்க் கோளின் புதுக்காங்கயத்தில் அது வழக்கம்தான். அங்கே நீதிபதி, ‘நீதியன்’ என்னும் இயந்திரம். இரு தரப்பும் வாயை மூடிய கணமே சான்றுகளை அலசித் தீர்ப்புச் சொல்லிவிடும்; பிசகியதே இல்லை. மற்ற நிர்வாகமெல்லாம் நல்லமங்கையின் பொறுப்பு. இருவரும் நீதிமன்றத்துக்குச் சமத் தலைவர்கள் என்றது குடியேற்றச் சட்டம்.

ஆனால் தோற்றவர்கள் ஒருவர் விடாமல் பூமிக்கு மேல்முறையீடு செய்தார்கள். இப்படியே போனால் நீதிமன்றத்தை இழுத்து மூடிவிடுவோம் என்று பூமியிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது.

அன்று தோற்றவர் சென்னிமலை. வெயிலைத் திருப்பிவிட அவர் நிறுத்திய பெரிய ஒளியாடி, பக்கத்து வீட்டுச் செவந்தி பயிர் வளர்க்கும் பசுங்கூடத்தில் நிழல் விழச் செய்கிறது என்பது வழக்கு. நேராக நல்லமங்கையின் அறைக்கு வந்தார்.

“தீர்ப்பு தப்புன்னு சொல்லலீங்கம்மா. நான் சொன்னத அது காதுல வாங்குச்சான்னே தெரியலீங்களே.”

அவரை மறுவிசாரணை கேட்டு மனுப்போடச் சொல்லிவிட்டு, அவள் நீதியனிடம் போனாள். இனி உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றாள். தெரிந்த நீதியை ஒளித்துவைப்பது அநீதி ஆகாதா, அதற்குள் பயிர் வாடினால் யார் பொறுப்பு என்று நீதியன் கேட்டது.

“அதுக்கு இடைக்கால உத்தரவு போடுங்க. தீர்ப்பு உங்களுது, தேதி என்னுது.”

நீதியன் முழுதாக ஒரு நொடி யோசித்தது. அதற்கு அது நெடுங்காலம். பிறகு ஒப்புக்கொண்டது.

ஒளியாடி தற்காலிகமாகத் திருப்பப்பட்டது. நல்லமங்கை வாய்தாமேல் வாய்தா தந்தாள். சென்னிமலை ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். காத்திருப்புக் கூடத்தில் அவரும் செவந்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நீதிமன்றத்தின் தாமதத்தைச் சேர்ந்தே திட்டினார்கள். நீதியன் செருமவும், நடுநடுவே “ம்ம்” கொட்டவும் கற்றுக்கொண்டது. கடைசியில், முதலில் சொன்ன அதே தீர்ப்பை ஓர் எழுத்து மாறாமல் வாசித்தது. சென்னிமலை மறுபடியும் தோற்றார். ஆனால் மேல்முறையீடு செய்யவில்லை. மற்றவர்களும் மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த மாற்றத்தை ஆராயப் பூமியிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் சென்னிமலையைக் கேட்டபோது நல்லமங்கையும் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“மொதல்ல இருந்த நீதிபதி சரியில்லீங்க,” என்றார் அவர், மனநிறைவோடு. “நல்ல வேளையா மாத்திட்டாங்க. இப்ப வந்தவருதானுங்க நாலு வாய்தா குடுத்து, யோசிச்சு, நியாயமாச் சொன்னாரு.”

நல்லமங்கை அவரைத் திருத்தவில்லை.