ஊசியை நிறுத்திய கண்கள்

“தைக்காதீங்க... நிறுத்துங்க!”

அறுவை அரங்கின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள் நில்சா. வெளியே பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனே மழையில் கரைந்துகொண்டிருந்தது. உள்ளே, மயக்கத்தில் நான்கு வயது லுஸ்மாரி. அவள்மேல் குனிந்திருந்த அறுவை மருத்துவன் ஊசியோடு நிமிர்ந்தான். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்... தேன் நிறத்தில்... கோபமாக.

‘மாதாவே, இந்தக் கண்களோடா நான் சண்டை போட வேண்டும்?’

“யாருங்க நீங்க?”

“கீழே ஆய்வகத்து டாக்டர். எடுத்த சிறுநீரகம் வந்துச்சு, அதோட கட்டியும் வந்துச்சு. பக்கத்துல இருக்கற நிணநீர் முடிச்சு ஒண்ணுகூட வரலையே?”

“ஒண்ணும் வீங்கலைங்க. எல்லாம் சாதுவா இருக்கு.”

“சாதுவா இருக்கறதை நான் நம்பறதில்ல.”

“என்னையும் சேர்த்துத்தானே?”

செவிலி ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நில்சா சிரிக்கவில்லை.

“புற்று அங்கே போயிருக்கான்னு கண்ணால பார்த்தும் தெரியாது, தொட்டுப் பார்த்தும் தெரியாது. நுண்ணோக்கியில நான் பார்க்கணும். இல்லேன்னா இந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்துன்னு குத்துமதிப்பாத்தான் சொல்லணும். அதுக்கா இவ வயித்தைத் திறந்தீங்க?”

ஊசி அவன் விரல்களில் அப்படியே நின்றது... பிறகு மெல்லத் தட்டில் இறங்கியது.

“கத்தரி கொடுங்க.”

பயறளவு முடிச்சுகள் சில ஜாடியில் விழுந்தன. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள் நில்சா.

மறுநாள் மத்தியானம் முற்றத்து மரத்தடியில் வழக்கம்போல் தெரெரே. ஐஸ் தண்ணீரில் ஊறிய பச்சிலை. எல்லோருக்கும் ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல். அன்று ஊற்றியவன் அவன்தான்... டெர்லிஸ். முகமூடி இல்லாமல் இன்னும் அழகாகத்தான் இருந்தான், பாவி.

“வாங்க, முடிச்சு மகாராணி! மிரட்டி வாங்கிட்டுப் போனீங்களே... அதுல ஒண்ணும் இருக்காது, பாருங்க.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நில்சா ஒரு குவளை உறிஞ்சினாள். திருப்பி நீட்டினாள்.

“நன்றி.”

சிரிப்பு சட்டென்று நின்றது. இங்கே நன்றி சொன்னால், இனி எனக்கு ஊற்ற வேண்டாம் என்று பொருள். முதல் குவளைக்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவன் கண்களில் ஏதோ அணைந்தது. ‘அளவுமீறிப் போய்விட்டேனோ...’ என்று அன்று முழுக்க அவள் மனம் குடைந்தது.

கண்ணாடித் தகடுகள் தயாரானதும், காக்குப்பே கோயில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தாள். ஒவ்வொன்றாகச் சுத்தம்... சுத்தம்... கடைசியில், எல்லாவற்றிலும் சிறிய அந்த முடிச்சு.

கருநீலப் புற்றுச் செல்கள் மொய்த்துக் கிடந்தன.

ஜெயித்த சந்தோஷம் துளியும் வரவில்லை. டெர்லிஸை வரச் சொன்னாள். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“இதை... உள்ளேயே விட்டுத் தைச்சிருப்பேனே! லேசான மருந்தோட வீட்டுக்கு அனுப்பியிருப்போம். போறப்ப அவ ஒரு பூ கொடுத்திருப்பா... நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கியிருப்பேன்...”

சொல்லிக்காட்ட அவளிடம் எவ்வளவோ இருந்தது. அதை விட்டுவிட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

“உக்காருங்க. ஊசியைக் கீழே வெச்சது நீங்கதானே? இப்ப மருந்தைக் கூட்டிக் கதிர்வீச்சும் கொடுப்பாங்க. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு... ஆண்டவர் பார்த்துப்பார்.”

அவன் நேராக லுஸ்மாரியின் அம்மாவிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னான். பிறகு, நில்சாவும் மற்றவர்களும் கூடியிருந்த மரத்தடிக்கு வந்தான்.

“அன்னிக்கு இங்கேதான் கேலி பண்ணேன். இங்கேயே சொல்றேன்... தப்பு என்மேல. இவங்க வரலைன்னா அந்தக் குழந்தையைக் கைவிட்டிருப்பேன்.”

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குப் போனார்கள். தூறல் ஆரம்பித்தது.

“நில்சா... அன்னிக்கு ஊசி நின்னது உங்க பேச்சுக்கு மட்டுமில்ல... உங்க கண்ணுக்கும்தான். அதுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல. உங்களைப் பிடிச்சிருக்கு.”

குவளையை நிரப்பி நீட்டினான். அவள் மெதுவாக, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். ‘நன்றி’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நில்சா தலையைக் குனிந்துகொண்டாள்... காது மடல் சிவந்திருந்தது.

“என்ன பார்க்கறீங்க டெர்லிஸ்?... இன்னொண்ணு ஊத்துங்க.”