வரிசை தப்பிய வரி

ஐந்தரைக்கு எழுந்தான். உலை வைத்தான், குளித்தான், ஒரு ஆளுக்கான சோற்றை டப்பாவில் அடைத்தான். தாராசுரத்தில் பஸ் ஏறினான். மனைவி அம்சவல்லி இறந்து நாற்பத்தோராவது நாள்.

அரசப்பனுக்குத் தாலுகா அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு அரசு தரும் நிலத்துக்கான பட்டியலில் இரட்டைப் பதிவுகளை நீக்க வேண்டும். நான்கு மணிக்கு அது மேலே போகிறது. இறந்த ஒருவர் பெயர் அதில் இருந்தாலும் நிலத்தை இதுவரை வைத்திருந்த பண்ணையின் வக்கீல் தடை வாங்கிவிடுவார். முந்நூறு குடும்பங்கள் மறுபடி பண்ணை வரப்பில் நிற்கும். அந்த நிலத்தில் நடவுக்கு இறங்கியவர்களைப் பண்ணை ஆட்கள் துரத்திய அன்றுதான் அம்சவல்லி வாய்க்காலில் விழுந்து செத்தாள்.

பெண்கள்தான் சிக்கல். தகப்பன் வீட்டுக் கார்டில் ஒரு பெயர், புருஷன் வீட்டுக் கார்டில் ஒரு பெயர். அரசப்பன் குடும்பமும் மனு கொடுத்திருந்தது; அம்சவல்லிக்கும் இரண்டு. கணினி ஒன்றை நீக்கி ஒன்றை வைத்தது. மிஞ்சியதை அவன் கையால் அழித்தான்.

சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தான். கருப்புத் திரையில் எச்சரிக்கை: 214ஆம் வரி வரிசையில் இல்லை.

தெரிந்த கோளாறுதான். தமிழ் அகரவரிசையில் அடுக்கிவிட்டு, கணினியின் எழுத்தெண் வரிசையில் சரிபார்த்தால் இப்படி வரும். மொழி அமைப்பை இரண்டுக்கும் ஒன்றாக்கி மறுபடி அடுக்கினான். அதே எச்சரிக்கை. வரியைத் திறந்தான்.

அம்சவல்லி, க/பெ அரசப்பன். புல எண் 118/4.

வீட்டுப் புல எண் அதுவல்ல. சர்வேயர் செல்லதுரையிடம் கேட்டான்.

"அது சுடுகாடுல்ல தம்பி. அதுக்குமா மனு குடுத்திருக்காங்க?" சிரித்தபடி திரைக்குக் குனிந்தவர் பெயரைப் படித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அழித்தான். அடுக்கினான். 97ஆம் வரி. அவள்தான். அழித்தான். 31ஆம் வரி.

வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், பீரோக்களின் பின்னாலிருந்து, சேற்றில் புதைந்த காலை மெதுவாகப் பிடுங்கி மறுபடி ஊன்றுவது போன்ற வேறொரு சத்தம் கேட்டது, கூடவே அழுகிய நாற்றின் வாடை பழைய காகித வாடையைத் தள்ளிக்கொண்டு மேசைவரை வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மணி மூன்று ஐம்பது.

அழித்தான்.

9ஆம் வரி. எட்டாவது அவன்.

அகரவரிசைப்படி அவனுக்கு முன்னால் வர வேண்டியவள்.

சத்தம் நாற்காலியருகே நின்றது.

அழிக்கவில்லை. அடுக்க மட்டும் செய்தான். எச்சரிக்கை இல்லை. எட்டாவது அம்சவல்லி. ஒன்பதாவது அரசப்பன். அவன் பெயருக்கு எதிரேயும் 118/4.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. தலைமை எழுத்தர் அப்துல் அஜீஸ், பட்டியல் சுத்தமா என்று கூடத்திலிருந்தே கேட்டார். முந்நூறு குடும்பங்கள். இறந்தவர் பெயர் இருக்கக் கூடாது.

எட்டை அழித்தான். ஒன்பதை அழித்தான். சரிபார்த்தான்.

திரை அமைதி.

"சுத்தம் சார்" என்றான். குரல் வெளியே வரவில்லை. அஜீஸ் உள்ளே வந்து, காலி நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அரசப்பன் எங்கய்யா போனான்?" என்றார். விசைப்பலகை மேலிருந்த அவன் கைமேல் ஈரமான கை ஒன்று படிந்தது. நகக்கண்களில் சேறு.

இறந்த அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கடைசியாகச் சொன்னது:

"நீங்க பட்டியல முடிச்சிட்டு வாங்க. நான் முன்னாடி போறேன்."