இரைக்கு வைத்த சேவல்

கோழிக்கூட்டின் கதவில் குத்திய முளை குத்தியபடியே இருந்தது. உள்ளேதான் ஒரு கோழி குறைந்திருந்தது. பாப்பம்மா கையை விட்டுத் துழாவினாள். வைக்கோல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓர் இறகு இல்லை, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. மரநாய் அவ்வளவு மரியாதை தெரிந்த பிராணி அல்ல. தின்ற இடத்தை அலங்கோலமாக்கிவிட்டுத்தான் போகும். கீரியென்றால் கழுத்தைக் கடித்துவிட்டு உடலைப் போட்டுவிடும். இது எதுவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளுக்குள், லயம் லயமாகக் காய்ச்சல் புகுந்த வருஷம் அது. புருஷனை அது கொண்டுபோயிற்று. மகள் ராக்கு பாயோடு பாயாகக் கிடந்தாள். கொயினா மருந்து குடித்துக் காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளைக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. ஊட்டினால் கடைவாயில் வழிந்துவிடும். பிள்ளை எழுந்து நடந்தால் முனியாண்டிக்கு அறுப்பதாக, ராக்கு பேரில் ஒரு சிவப்புச் சேவலை நேர்ந்து விட்டிருந்தாள் பாப்பம்மா. அதற்கு ஏதாவது ஆனால் பிள்ளையும் கைநழுவிப் போய்விடும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மிஞ்சியது அந்தச் சேவலும் ஒரு வெள்ளைப் பெட்டையும். இரண்டையும் தான் படுக்கும் லயத்து அறையான காம்பராவுக்குள்ளேயே கூடையால் கவிழ்த்து மூடி, கதவைத் தாழிட்டுப் படுத்தாள். விடிந்தபோது தாழ் போட்டபடி இருந்தது. சேவல் உத்தரத்தில் ஏறி நடுங்கிக்கொண்டிருந்தது. பெட்டையைக் காணோம்.

அடுத்த லயத்துக் கறுப்பையா பொறி செய்வதில் கைதேர்ந்தவர். இரண்டு தேயிலைப் பெட்டிகளை வாயோடு வாய் பொருத்தி, நடுவில் மூங்கில் தப்பைகளை அடித்தார். ஒரு பெட்டியில் இரை. மற்றதில் வந்து மாட்டுவது. அதற்கு மேலிருந்து விழுகிற மூங்கில் கதவு. காம்பராவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இரைக்கு என்ன இருக்கு?" என்றார்.

அவள் சேவலைக் காட்டினாள். அவர் முகம் மாறிற்று.

"நேந்துவிட்டத இரைக்கு வைக்கலாமா தங்கச்சி? சாமி பொருளக் காட்டி வேற எதையோ கூப்பிடுற மாதிரி ஆயிரும்."

"வேற என்னண்ணே இருக்கு எங்கிட்ட? நடுவுல தப்பை இருக்கு, அதத் தொட முடியாது. வர்றதப் புடிச்சிட்டா சாமி கால்ல விழுந்துக்கிறேன்."

அவர் போய்விட்டார். அவளே சேவலை இரைப் பெட்டிக்குள் விட்டு, கதவைத் தூக்கி மாட்டினாள்.

அன்று பொழுது சாயுமுன்பே மூடுபனி இறங்கி, தேயிலைச் செடிகளையும் லயத்துக் கூரைகளையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வர, பாப்பம்மா பீலியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் விழுகிற இரைச்சலுக்குள் வேறு ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஈர மண்ணின் வாடையோடு, பச்சைக் கறியின் வாடை ஒன்று மூக்கில் ஏறியது.

குடத்தோடு காம்பரா வாசலை மிதித்தபோதுதான் பின்புறம் பொறியின் கதவு விழுந்த சத்தம் கேட்டது.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாயில் கம்பளி மேடாகத் தெரிந்தது. பிள்ளை தூங்கட்டும் என்று குப்பிலாம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மாட்டிக்கொண்ட மிருகம் பிறாண்டும், உறுமும், பெட்டியைப் புரட்டும். இது எதையும் செய்யவில்லை. சேவலும் கத்தவில்லை.

மெல்லுகிற சத்தம் மட்டும்.

நின்றாள். சத்தமும் நின்றது. மறுபடி தொடங்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தம். பொறுமையாக. ருசித்து.

லாம்பைக் கதவின் மூங்கில் இடுக்கருகே தாழ்த்தினாள். சிவப்பு இறகுகள். உள்தப்பை ஒன்று முறிந்திருந்தது. அதன் வழியே நீண்டிருந்தது ஒரு சின்னக் கை.

ராக்கு பெட்டிக்குள் குந்தியிருந்தாள். முகவாய் முழுக்க நனைந்திருந்தது. மென்றுகொண்டே தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் பேருக்குத்தானேம்மா நேந்துவிட்ட?"

பாப்பம்மா ஓரடி பின்வாங்கினாள். அந்தப் பயத்துக்குள்ளேயும், வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷம் அவளுக்குள் எட்டிப் பார்த்தது. பிள்ளை சாப்பிடுகிறது. தொண்டைக்குள் இறங்குகிறது.

"இன்னும் பசிக்குதும்மா."

சேவலில் மிச்சமில்லை. கூட்டிலும் ஒன்றுமில்லை. பனிக்குள் கறுப்பையாவின் காம்பரா வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் வருவார். லயமே வரும். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வரும்.

அவள் குரல் கொடுக்கவில்லை.

லாம்பைப் புல்லில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் இடது கையை முழங்கை வரைக்கும் துடைத்தாள். கதவின் தப்பைகளுக்கிடையே அதை நீட்டினாள். குளிர்ந்த உதடுகள் மணிக்கட்டைத் தேடி வந்து படிந்தன.

"அவசரப்படாதடா கண்ணு," என்று மற்றக் கையால் பெட்டியைத் தடவிக்கொடுத்தாள். "மெல்லத் தின்னு."